கைக்கணினி: கணினிக்கு மாற்றாகப் பயன்பாடு

கைக்கணினி என்பது தொடுதிரையை முதன்மை உள்ளீட்டுக் கருவியாகக் கொண்ட, தட்டையான, கையில் ஏந்திப் பயன்படுத்தக்கூடிய கணினி ஆகும். தமிழில் இது பலகைக் கணினி எனவும், பேச்சு வழக்கில் டேப்லெட் அல்லது டேப் எனவும் அழைக்கப்படுகிறது. மேசைக் கணினியும் மடிக்கணினியும் செய்துவந்த அன்றாடப் பணிகளைக் கைக்கணினி ஒன்றே செய்துவிடுமா என்னும் கேள்வி 2010 ஆம் ஆண்டில் ஐபேடு வெளிவந்தது முதல் உலகெங்கும் எழுப்பப்பட்டு வருகிறது. தமிழ்நாட்டில் இக்கேள்வி வாங்குபவரின் விருப்பத்தோடு நிற்கவில்லை. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அரசு எக்கருவியை வழங்க வேண்டும் என்னும் கொள்கைக் கேள்வியாகவும் அது இருந்துள்ளது.

இக்கட்டுரை கைக்கணினியின் வரலாற்றையும், தமிழ்நாட்டு அரசுத் திட்டங்களில் அதன் இடத்தையும், சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதியில் நடைபெறும் தொழில்களையும் படிப்பையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு அதன் பயன்களையும் எல்லைகளையும் விளக்குகிறது.

வரையறை

மேசைக் கணினி, மடிக்கணினி, கைக்கணினி ஆகிய மூன்றும் அடிப்படையில் ஒரே வகை எந்திரங்களே. மூன்றிலும் செயலி, நினைவகம், சேமிப்பகம், திரை ஆகியன உள்ளன. வேறுபாடு இரண்டு இடங்களில் அமைகிறது.

முதலாவது உள்ளீடு. மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் விசைப்பலகையும் சுட்டியும் (அல்லது தொடுதட்டும்) உண்டு. கைக்கணினியில் விரலோ எழுதுகோலோ அப்பணியைச் செய்கிறது. எழுத்துகளைத் தட்டும்போது திரையின் கீழ்ப்பகுதியில் விசைப்பலகை தோன்றுவதால் படிக்கும் பரப்பு குறைந்துவிடுகிறது.

இரண்டாவது இயங்குதளம். பெரும்பாலான கைக்கணினிகள் ஆண்ட்ராய்டு அல்லது ஐபேடுஓஎசு இயங்குதளத்தில் இயங்குகின்றன. இவை கைப்பேசிக்கான இயங்குதளங்களிலிருந்து வளர்ந்தவை. விண்டோசு அல்லது லினக்சுக்காக எழுதப்பட்ட மென்பொருள்களை இவற்றில் நேரடியாக நிறுவ இயலாது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட சர்பேசு போன்ற, விசைப்பலகையைக் கழற்றி மாட்டக்கூடிய கருவிகள் இவ்விரு வகைக்கும் இடைப்பட்டவை. அவற்றில் பல முழுமையான விண்டோசில் இயங்குவதால் அவற்றை மடிக்கணினி எனக் கொள்வதே பொருத்தமாகும்.

வரலாறு

கையில் ஏந்தும் கணினி பற்றிய சிந்தனை பழமையானது. அமெரிக்கக் கணினியியலாளர் ஆலன் கே 1972 இல் எழுதிய ஆய்வுரையில் டைனபுக் என்னும் கருவியைக் கற்பனை செய்தார். அது எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான, புத்தக அளவுக் கணினி. இன்றைய கைக்கணினியின் முன்னோடியாக இது பலராலும் குறிப்பிடப்படுகிறது. எனினும் அதன் வரைபடத்தில் திரைக்குக் கீழே விசைப்பலகை ஒன்று இருந்தது. குழந்தைகள் அதில் படிப்பதோடு எழுதவும், வரையவும், நிரல் இயற்றவும் வேண்டும் என்பதே அவரது நோக்கம்.

ஆப்பிள் நிறுவனத்தின் நியூட்டன் 1993 இல் வெளிவந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பில் கேட்சு, டேப்லெட் பிசி எனப்படும் வகை ஐந்தாண்டுகளில் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் கணினியாகிவிடும் என 2001 இல் கணித்தார். அவ்வகைக் கருவிகள் 2002 இல் சந்தைக்கு வந்தன. எடை மிகுதியாலும் விலை மிகுதியாலும் அக்கணிப்பு நிறைவேறவில்லை.

இந்தியாவில் இதே காலத்தில் சிம்ப்யூட்டர் உருவாயிற்று. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்களும் மென்பொருள் பொறியாளர்களும் இணைந்து வடிவமைத்த இக்கையடக்கக் கருவியின் முன்வடிவம் 2001 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தும் வகையில், எழுத்தை ஒலியாக மாற்றிப் படித்துக்காட்டும் வசதி இதற்கென உருவாக்கப்பட்டது. அமிடா என்னும் பெயரில் 2004 இல் விற்பனைக்கு வந்தபோதும் இது பெருமளவில் பரவவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் விலை குறைந்த கைப்பேசிகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன.

ஆப்பிள் நிறுவனம் 2010 சனவரியில் ஐபேடை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு சாம்சங் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு கைக்கணினியும் வெளிவந்தது. 2010 சூனில் நடந்த ஒரு கருத்தரங்கில் ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் கணினியை லாரிக்கு ஒப்பிட்டார். நாடு வேளாண் நாடாக இருந்தபோது எல்லா வண்டிகளும் பாரவண்டிகளாகவே இருந்தன. மக்கள் நகரங்களுக்குச் சென்றபின் கார்கள் பெருகின. அவ்வாறே மேசைக் கணினியும் மடிக்கணினியும் மறைந்துவிடா. ஆனால் அவற்றின் தேவை உள்ளோர் தொகை குறையும் என்பது அவர் கருத்தின் சாரம்.

கைக்கணினிகளின் உலகளாவிய விற்பனை 2014 வரை ஏறிப் பின்னர் இறங்கத் தொடங்கியது. கொரோனா தொற்றுக் காலமான 2020 இல் வீட்டிலிருந்தே படிப்பதும் பணிபுரிவதும் பெருகியபோது கைக்கணினி, மடிக்கணினி ஆகிய இரண்டின் விற்பனையும் சேர்ந்தே உயர்ந்தது. இது ஒன்று மற்றொன்றை விரட்டிவிடவில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

அரசுத் திட்டங்களில்

ஆகாசு

இந்திய அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2011 அக்டோபர் 5 அன்று ஆகாசு என்னும் விலை குறைந்த கைக்கணினியைப் புது தில்லியில் அறிமுகப்படுத்தியது. டேட்டாவிண்டு நிறுவனம் தயாரித்த இக்கருவி 7 அங்குலத் திரையும், 366 மெகாஏர்ட்சு செயலியும், 256 மெகாபைட்டு நினைவகமும், ஆண்ட்ராய்டு 2.2 இயங்குதளமும் கொண்டிருந்தது. இதன் தொடுதிரை, அழுத்தத்தை உணரும் மின்தடை வகையைச் சேர்ந்தது. விரலால் மெல்லத் தொட்டால் ஏற்காது, சற்று அழுத்த வேண்டும். வேகக் குறைவும் மின்கலத்தின் குறைந்த ஆயுளும் குறைகளாகச் சுட்டப்பட்டன. மேம்படுத்தப்பட்ட ஆகாசு 2, 2012 நவம்பர் 11 அன்று வெளியிடப்பட்டது. எனினும் நாட்டிலுள்ள மாணவர் அனைவருக்கும் கைக்கணினி என்னும் இலக்கு எட்டப்படவில்லை.

தமிழ்நாட்டின் மடிக்கணினித் திட்டம்

ஆகாசு வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பு, 2011 செப்டம்பர் 15 அன்று, தமிழ்நாட்டு முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புப் பயின்றோருக்கும், கல்லூரி, பல்தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கும் மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. கொள்முதலைத் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் (எல்காட்) மேற்கொண்டது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோசுடன், சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது.

ஒரே காலத்தில் நடுவண் அரசு கைக்கணினியையும் மாநில அரசு மடிக்கணினியையும் தெரிவு செய்ததால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இயன்றது. ஆகாசின் விலை மடிக்கணினியின் விலையில் ஒரு சிறு பங்கே. ஆனால் மடிக்கணினி பெற்ற மாணவர் அதில் நிரல் எழுதவும், ஆய்வேடு தட்டவும், பிற மென்பொருள்களை நிறுவவும் இயன்றது. மடிக்கணினிகள் சிலவற்றைப் பயனாளிகள் விற்றுவிட்டனர் என்றும், படம் பார்க்கவே பலர் பயன்படுத்தினர் என்றும் இத்திட்டத்தின் மீது குறை கூறப்பட்டதும் உண்டு.

ஆசிரியர்களுக்கான கைக்கணினிகள்

தமிழ்நாட்டில் கைக்கணினி பெருமளவில் வழங்கப்பட்டது மாணவர்களுக்கு அன்று, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கே. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 சூனில் தொடங்கப்பட்ட பின், ஒவ்வொரு குழந்தையின் கற்றல் நிலையையும் செயலி வழியே பதிவு செய்யும் வழக்கம் வந்தது. பல ஆசிரியர்கள் தம் சொந்தக் கைப்பேசியிலேயே இப்பணியைச் செய்துவந்தனர். 2024 இல் தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள் வழங்கப்பட்டன. வகுப்பறையில் நின்றபடியே வருகைப் பதிவு செய்தல், ஒளிக்காட்சி காட்டுதல், விடைகளைத் தொட்டுக் குறித்தல் ஆகிய பணிகளுக்கு விசைப்பலகை தேவைப்படுவதில்லை. எனவே இவ்விடத்தில் மடிக்கணினியை விடக் கைக்கணினியே பொருத்தமானது.

2025 ஆம் ஆண்டு அறிவிப்பு

2025 மார்ச் 14 அன்று அளிக்கப்பட்ட தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி, அவரவர் விருப்பப்படி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பின்னர் எல்காட் நிறுவனம் கோரிய ஒப்பந்தப்புள்ளி மடிக்கணினிகளுக்கானதாகவே அமைந்தது. கல்லூரி நிலையில் எக்கருவி வேண்டும் என்னும் கேள்விக்கு இதுவும் ஒரு விடையாகும்.

பிற மாநிலங்கள் வேறு வழியில் சென்றன. அரியானா அரசு 2022 மே மாதத்தில் 10 முதல் 12 ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கைக்கணினி வழங்கத் தொடங்கியது. ஆந்திரப் பிரதேச அரசு 2022 திசம்பரில் 8 ஆம் வகுப்பு மாணவர்களுக்குப் பாடங்கள் ஏற்றப்பட்ட கைக்கணினிகளை வழங்கியது. இவ்விரண்டிலும் கருவி முதன்மையாகப் பாடம் பார்ப்பதற்கும் பயிற்சி வினாக்களுக்கு விடையளிப்பதற்குமே கருதப்பட்டது.

சேலம், நாமக்கல் சமவெளியில் பயன்பாடு

நாமக்கல் மாவட்டம் 1997 இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கியது. லாரித் தொழில், கோழிப்பண்ணை, விசைத்தறி, சவ்வரிசி ஆலை, வெள்ளிக் கொலுசு, தனியார் உறைவிடப் பள்ளிகள் ஆகியவற்றால் அறியப்படும் இப்பகுதியில் கணினியின் தேவை தொழிலுக்குத் தொழில் மாறுபடுகிறது.

லாரித் தொழில்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் லாரிகளுக்கும், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர்பெற்றவை. மாநிலங்களுக்கு இடையிலான சரக்குப் போக்குவரத்துக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள் 2018 சூன் 2 முதலும் இ-வே பில் எனப்படும் மின்னணு வழிச்சீட்டு நடைமுறைக்கு வந்தது. இதனை இணையத்தளத்திலும், ஆண்ட்ராய்டு செயலியிலும், குறுஞ்செய்தியிலும் உருவாக்க இயலும்.

ஒரு லாரி வழியில் பழுதடைந்து சரக்கு வேறு லாரிக்கு மாற்றப்பட்டால், சீட்டின் இரண்டாம் பகுதியில் வண்டி எண்ணை மட்டும் மாற்றினால் போதும். இதற்குக் கைப்பேசியே போதுமானது. பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம் முதலியவற்றை டிஜிலாக்கர், எம்-பரிவாகன் ஆகியவற்றின் வழியே காட்டினால் மூல ஆவணமாக ஏற்க வேண்டும் என 2018 இல் நடுவண் போக்குவரத்து அமைச்சகம் அறிவுறுத்தியது. சாலையில் செல்லும் ஓட்டுநருக்கு இவ்வகையில் கணினியின் தேவை இல்லாமற் போயிற்று.

லாரி புக்கிங் அலுவலகத்தின் நிலை வேறு. பல வணிகர்களின் சரக்குகள் ஒரே லாரியில் ஏறும்போது அவற்றுக்கெல்லாம் ஒருங்கிணைந்த சீட்டு உருவாக்க வேண்டும். நாள்தோறும் மிகுதியான சீட்டுகள் போடுவோர் விவரங்களை விரிதாளில் தொகுத்து மொத்தமாகப் பதிவேற்றுகின்றனர். சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்குக்கு (2017 சூலை 1 முதல்) பயன்படும் டேலி போன்ற கணக்கியல் மென்பொருள் விண்டோசுக்காக உருவாக்கப்பட்டது. எனவே வண்டியில் கைப்பேசியும் அலுவலகத்தில் கணினியும் என்னும் பிரிவினை ஏற்பட்டது.

கோழிப்பண்ணையும் விசைத்தறியும்

நாமக்கல் வட்டாரப் பண்ணைகள் நாளொன்றுக்குச் சில கோடி முட்டைகளை உற்பத்தி செய்கின்றன. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை பண்ணையாளர்களைக் கைப்பேசிச் செய்தியாகவே சென்றடைகிறது. இதைப் படிப்பதற்குக் கணினி வேண்டியதில்லை. ஆனால் தீவனக் கலவையைக் கணக்கிடுவது வேறு வகைப் பணி. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு முதலியவற்றின் விலை மாறும்போது, தேவையான ஊட்டம் குறையாமல் செலவு குறைந்த கலவையைக் காண விரிதாளில் பல வரிசைகளை ஒரே நேரத்தில் பார்த்து மாற்ற வேண்டியுள்ளது.

இளம்பிள்ளை போன்ற நெசவு ஊர்களில் சேலைகளின் படங்கள் வாட்சப் வழியே வாங்குவோருக்கு அனுப்பப்படுகின்றன. படம் எடுத்தல், திருத்துதல், அனுப்புதல், பணம் பெறுதல் ஆகிய நான்கும் ஒரே தொடுதிரைக் கருவியில் முடிகின்றன. சேலையின் கரையையும் முந்தானையையும் ஜக்கார்டு தறிக்கு ஏற்ப வடிவமைக்கும் மென்பொருள்களோ பெரிய திரையும் சுட்டியும் கொண்ட கணினிக்கென எழுதப்பட்டவை.

தறிக்கூடத்துப் பஞ்சுத் துகளும் பண்ணைத் தூசும் கணினியின் காற்றாடியில் படிந்து அதனைச் சூடேற்றக்கூடும். கைக்கணினியில் காற்றாடி இல்லாததால் இத்தகைய இடங்களில் அது தாங்கும். இது பலரும் கருதாத ஒரு பயனாகும்.

பிரவுசிங் சென்டர்

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 9.5 விழுக்காட்டினரிடமே கணினி அல்லது மடிக்கணினி இருந்தது. 2017-18 இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் இது 10.7 விழுக்காடு, ஊரகப் பகுதியில் 4.4 விழுக்காடு மட்டுமே. அதே கணக்கெடுப்பில் இணைய வசதி பெற்ற குடும்பங்கள் 23.8 விழுக்காடு. அதாவது கணினி இல்லாத வீடுகளிலும் கைப்பேசி வழியே இணையம் நுழைந்தது. 2016 செப்டம்பருக்குப் பின் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது இதற்கு முதன்மைக் காரணம்.

இதனால் சிற்றூர்களில் பிரவுசிங் சென்டர்களும் ஜெராக்ஸ் கடைகளும் இ-சேவை மையங்களும் கணினியின் பொது இருப்பிடங்களாயின. தேர்வாணைய விண்ணப்பத்துக்கு ஒளிப்படத்தையும் கையொப்பத்தையும் குறிப்பிட்ட கொள்ளளவுக்குள் சுருக்கிப் பதிவேற்றுதல், நுழைவுச்சீட்டை அச்சிடுதல், சான்றிதழ்களை வருடுதல் ஆகியவற்றுக்கு மக்கள் அங்கேயே செல்கின்றனர். இப்பணிகள் கைக்கணினியால் இயலாதவை அல்ல. அச்சுப்பொறியும் வருடியும் கோப்புகளைக் கையாளும் பழக்கமும் வீட்டில் இல்லாததே காரணம். கைக்கணினி வாங்கிய குடும்பமும் இக்கடைகளுக்குச் செல்வதை நிறுத்திவிடுவதில்லை.

தமிழ் உள்ளீடும் எழுத்துருக்களும்

தமிழில் எழுதுவோருக்கு இக்கேள்விக்குத் தனியான ஒரு கூறு உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பின் தமிழ்நாட்டு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளைக் கொண்டு 247 எழுத்துகளையும் தட்ட இதில் இயலும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளதால் இரு கைகளும் மாறி மாறி இயங்கும். இரு கைகளாலும் தட்டும்போதே இவ்வமைப்பின் வேகம் வெளிப்படும். கண்ணாடித் திரையில் விசைகளை விரல் தடவி அறிய இயலாது என்பதால் அங்கு அவ்வேகம் குறைகிறது.

மறுபக்கம், தட்டச்சு கற்காதவருக்குத் தொடுதிரை வழி திறந்துவிட்டது. செல்லினம் போன்ற செயலிகளும், தமிழ் ஒலியை எழுத்தாக மாற்றும் வசதியும், விரலால் எழுதினால் அடையாளம் காணும் வசதியும் கைப்பேசியிலும் கைக்கணினியிலும் எளிதாகக் கிடைக்கின்றன. தமிழ்99 கல்லாத முதியவரும் இன்று தமிழில் செய்தி அனுப்ப இவையே காரணம்.

மற்றொரு இடையூறு பழைய எழுத்துருக்கள். பாமினி, வானவில் போன்ற குறிமுறைகளில் தட்டப்பட்ட அலுவலக ஆவணங்களும் அழைப்பிதழ்களும் நூல்களும் ஏராளம். அவற்றின் எழுத்துரு நிறுவப்படாத கருவியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தோன்றும். விண்டோசில் எழுத்துருவை நிறுவுதல் எளிது. பல கைக்கணினிகளில் எளிதன்று. தமிழ்நாட்டு அரசு 2010 சூனில் ஒருங்குறியை ஏற்றபின் இச்சிக்கல் குறைந்து வந்தாலும், அச்சகங்களின் பழைய கோப்புகள் இன்னும் கணினியையே வேண்டி நிற்கின்றன.

படிப்பும் தேர்வும்

இக்கேள்வியின் விடை ஒரு குடும்பத்தை மிகுதியாகத் தாக்குவது படிப்பில்தான். ஒரே ஒரு கருவி வாங்கவே பணம் உள்ள வீட்டில், தவறான தெரிவு மாணவரின் சில ஆண்டுகளைப் பாதிக்கக்கூடும்.

பத்தாம் வகுப்பு வரை பாடநூல்களைப் படித்தல், காணொளிப் பாடம் பார்த்தல், பயிற்சி வினாக்களுக்கு விடையளித்தல் ஆகியவையே மிகுதி. பாடநூலின் ஒரு பக்கம் கைப்பேசியின் சிறு திரையில் கண்ணை வருத்தும். 10 அங்குலக் கைக்கணினியில் ஏறத்தாழ முழுப்பக்கமாகத் தெரியும். பெருந்தொற்றுக் காலத்தில் உடன்பிறந்தோர் இருவர் பெற்றோரின் ஒரே கைப்பேசியைப் பங்கிட்டுக்கொண்ட வீடுகளில் இவ்வேறுபாடு நன்கு உணரப்பட்டது.

மேல்நிலை வகுப்பிலிருந்து நிலைமை மாறுகிறது. 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் அறிமுகமான தமிழ்நாட்டுப் புதிய பாடத்திட்டத்தில், கணினி அறிவியல் பாடத்தில் 11 ஆம் வகுப்புக்கு சி++ மொழியும் 12 ஆம் வகுப்புக்குப் பைத்தான் மொழியும் இடம்பெற்றன. இவற்றின் செய்முறைப் பயிற்சிக்கு விசைப்பலகை இன்றியமையாதது. பைத்தான் நிரலை இயக்கும் செயலிகள் கைக்கணினிக்கும் உண்டு. எனினும் அடைப்புக்குறிகளும் இடைவெளிகளும் நிறைந்த நிரலைத் திரை விசைப்பலகையில் தட்டுவது கற்பவரைச் சோர்வடையச் செய்யும்.

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு 2019 முதல் கணினி வழியே நடத்தப்படுகிறது. தேர்வு மையத்தில் மாணவர் சுட்டியைக் கொண்டே விடைகளைக் குறிக்க வேண்டும். தொடுதிரையில் மட்டுமே பயின்றவருக்குச் சுட்டியைப் பிடிப்பதே புதிய பழக்கமாக இருக்கும். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுகிறது. மிகப் பல கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்திப் பதியும் பணியைச் சிறு திரையில் செய்யும்போது பிழை நேரும் வாய்ப்பு மிகுதி. அப்பிழை ஓர் இடத்தையே இழக்கச் செய்யலாம்.

அரசுப் பணி தேடுவோருக்குத் தட்டச்சு இன்னும் முதன்மையானது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தமிழ், ஆங்கிலத் தட்டச்சுத் தேர்வுகளும், அலுவலகத் தானியங்கல் குறித்த கணினிச் சான்றிதழ்த் தேர்வும் தட்டச்சர் பணிக்கு வேண்டப்படுகின்றன. இராசிபுரம், ஆத்தூர் போன்ற ஊர்களிலும் தட்டச்சுப் பயிலகங்கள் தொடர்வதற்கு இதுவே காரணம். அங்குக் கற்ற விரல் பழக்கம் மடிக்கணினியில் அப்படியே பயன்படும், தொடுதிரையில் பயன்படுவதில்லை.

விலையும் மின்சாரமும் பழுதும்

தொடக்க விலையில் கைக்கணினி மலிவாகத் தோன்றும். ஆனால் கழற்றி மாட்டும் விசைப்பலகை, எழுதுகோல், உறை, சிம் அட்டையுடன் கூடிய வகை ஆகியவற்றைச் சேர்த்தால் விலை எளிய மடிக்கணினியை நெருங்கிவிடும். கைக்கணினியைக் கணினிக்கு மாற்றாகக் கருதுவோர் இம்முழு விலையையே ஒப்பிட வேண்டும்.

மின்சாரச் செலவில் கைக்கணினிக்கு நன்மை உண்டு. மேசைக் கணினி திரையுடன் சேர்த்து நூறு வாட் அளவிலும், மடிக்கணினி சில பத்து வாட் அளவிலும் மின்சாரம் கொள்ளும். கைக்கணினியின் மின்னேற்றிக்கு அதனினும் குறைவே போதும். தமிழ்நாட்டில் கடும் மின்வெட்டு நிலவிய 2012 போன்ற ஆண்டுகளில், தடையிலா மின்வழங்கி இல்லாத வீடுகளில் மேசைக் கணினி பல மணி நேரம் பயனற்றுக் கிடந்தது.

பழுது நீக்குவதில் நிலை தலைகீழாகிறது. மேசைக் கணினியின் நினைவகம், வன்தட்டு, மின்வழங்கி, விசைப்பலகை ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றலாம். இதனை உள்ளூர்க் கடைகளிலேயே செய்துகொள்ளலாம். கைக்கணினியின் திரையும் மின்கலமும் பசையால் ஒட்டப்பட்டிருப்பதால் பழுது நீக்கும் செலவு புதிய கருவியின் விலையில் பெரும்பங்காகிவிடும். மேலும் தயாரிப்பாளர் மென்பொருள் மேம்படுத்தலை நிறுத்தியபின் வங்கிச் செயலிகள் போன்றவை இயங்காமற் போகலாம். பழைய மேசைக் கணினியிலோ லினக்சை நிறுவி மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்த இயலும்.

பணிகளும் பொருத்தமான கருவிகளும்

கைக்கணினி கணினிக்கு முழு மாற்றாக அமையும் பணிகள்:

* பாடநூல், செய்தித்தாள் படித்தல், காணொளி பார்த்தல்
* ஒளித்தோற்ற அழைப்புகள். இணையவழி வகுப்பில் கேட்டல்
* மின்கட்டணம், வங்கிப் பரிமாற்றம், பயணச்சீட்டு
* நின்றபடி அல்லது நடந்தபடி தகவல் பதிதல் (வகுப்பறை, களக் கணக்கெடுப்பு, கிடங்கு)
* எழுதுகோலால் குறிப்பெடுத்தல், ஓவியம் வரைதல்
* முதியோர், கணினி பயிலாதோர் பயன்பாடு

புற விசைப்பலகை இருந்தால் ஓரளவு அமையும் பணிகள்:

* கடிதம், சிறு கட்டுரை, மின்னஞ்சல்
* சிறிய விரிதாள், காட்சியுரை
* விண்ணப்பம் நிரப்புதல்

மாற்றாக அமையாத பணிகள்:

* கணக்கியல், வரித் தாக்கல், பெரிய விரிதாள்
* நிரலாக்கம், பொறியியல் வரைபடம், நெசவு வடிவமைப்பு
* அச்சுக்கோப்பு, பழைய எழுத்துரு ஆவணங்கள்
* தட்டச்சுப் பயிற்சி, கணினிவழித் தேர்வுக்கான பழக்கம்
* பல கோப்புகளை ஒருங்கே திறந்து ஒப்பிட்டு எழுதுதல்

மதிப்பீடு

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, படித்தல், பார்த்தல், கேட்டல், தொட்டுக் குறித்தல் ஆகியவற்றுக்குக் கைக்கணினி போதும். ஆக்குதல், தொகுத்தல், கணக்கிடுதல் ஆகியவற்றுக்குப் போதாது. இரண்டாவது, போதுமான பணிகளில் பெரும்பகுதியைக் கைப்பேசி ஏற்கெனவே செய்துவிடுகிறது. எனவே கைப்பேசி உள்ள வீட்டில் கைக்கணினியால் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் அகன்ற திரையே. கணினியால் கிடைப்பதோ புதிய பணித்திறன். மூன்றாவது, வயதும் படிப்பு நிலையும் விடையை மாற்றுகின்றன. சிறு குழந்தைக்கும் முதியவருக்கும் கைக்கணினி தகும். மேல்நிலை வகுப்புக்கு மேற்பட்ட மாணவருக்கு, ஒன்றே வாங்க இயலுமாயின், பழைய மடிக்கணினியேனும் கூடுதல் பயன் தரும்.

ஸ்டீவ் ஜாப்ஸ் கூறிய லாரி உவமை இப்பகுதிக்கு வேறொரு வகையில் பொருந்துகிறது. நாமக்கல்லில் எல்லா வீட்டுக்கும் லாரி இல்லை. பெரும்பாலோர் இருசக்கர வண்டியிலேயே செல்கின்றனர். எனினும் ஊரின் பிழைப்பு லாரியை நம்பியே உள்ளது. ஓட்டத் தெரிந்தவருக்கு வேலையும் உண்டு. கணினியும் அவ்வாறே எல்லோர் கையிலும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதனை இயக்கக் கற்கும் வாய்ப்பு ஒரு மாணவருக்குக் கிடைக்கவில்லையெனில், அந்த இழப்பைக் கைக்கணினி ஈடு செய்வதில்லை.

இவற்றையும் பார்க்க

* மடிக்கணினி
* சிம்ப்யூட்டர்
* ஆகாசு (கைக்கணினி)
* தமிழ்99
* நாமக்கல் மாவட்டம்